பி.டபிள்யூ.டி. எஞ்சினியராக இருந்த அப்பப்பா 1942இல் இராணுவ அதிகாரி ஆனது எப்படி? அவருடைய கொப்பியில் ‘ஜி.சி. 84 இறாத்தல்’ என்று இருப்பது என்ன?

ஓர்ஸ்ஹில் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையின் பழைய கதைகளை இங்கே பலர் விபரமாக எழுதுவதைப் பார்த்துத்தான் துணிந்து கேட்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பப்பா மருதானை டெக்னிக்கல் கொலிஜில் படித்து, பி.டபிள்யூ.டி.யில் எஞ்சினியராகச் சேர்ந்து, 1938இல் மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்தவர். வீதி, மதகு, பாலம், கச்சேரிக் கட்டடத்துக் கூரை ஒழுக்கு, இதுதான் அவர் உலகம். 1942இல் திடீரென்று இராணுவ உடுப்பு. 1946இல் திரும்பி வந்து அதே திணைக்களத்தில் விட்ட இடத்திலிருந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றார். 1979இல் காலமானார், நான் பிறப்பதற்கு முன்பே. இடையிலிருந்த நான்கு வருடத்தைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லையாம். அப்பம்மாவிடம் கேட்டால், “அவர் துவக்குச் சுடப் போகேல்லை, பாலம் கட்டத்தான் போனவர்” என்று ஒரே வசனத்தோடு கதையை முடித்துவிடுவா.

சீருடையில் எடுத்த படம் ஒன்று முன்விறாந்தையில் தொங்கியது. எண்பதுகளில் சுற்றிவளைப்பு தொடங்கிய காலத்தில் அப்பா அதைச் சட்டத்தோடு கழற்றி, பழைய சேலையில் சுற்றி, ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். வாசலில் வந்து நிற்கிறவனுக்கு இது எந்தக் காலத்து, எந்த நாட்டு இராணுவம் என்று விளங்கப்படுத்த நேரம் இருக்காது, யாராக இருந்தாலும் உடுப்பைத்தான் பார்ப்பான் என்பார். அதற்குப் பிறகு அந்தப் படத்தை யாரும் வெளியில் எடுக்கவில்லை. நாங்கள் பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று தெரிந்துகொண்டே வளர்ந்தோம்.

போன ஆடியில் அப்பா தவறிவிட்டார். அந்திரட்டி முடிந்த கையோடு பெட்டியைத் திறந்தோம். பூச்சி உருண்டை மணம். படத்தின் ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது, முகம் தப்பிவிட்டது. தோளில் ஒரே ஒரு நட்சத்திரம். கூடவே தோல் உறைக்குள் ஒரு ஸ்லைட் ரூல், தீச்சுவாலை விரிந்த குண்டு போல ஒரு பித்தளைச் சின்னம், நடுவில் அகலமான சிவப்பும் இருபுறமும் கருநீலமும் அந்த நீலத்துக்குள் மெல்லிய செம்மஞ்சள் கோடும் உள்ள ஒரு துண்டு ரிப்பன், அப்புறம் சட்டைப் பைக்குள் அடங்குகிற நீளமான அளவைக் கொப்பி ஒன்று.

கொப்பி முழுக்கப் பென்சில். மட்டம் பார்த்த கணக்கு, கல், மணல், ஆட்கூலி. ஒரு பக்கத்தில் மட்டும் ‘பாலம் 106/2’ என்று தலைப்பு, இரண்டு கரைத் தாங்கிகளும் நடுவில் இரும்புத் தூலாவும் கைப்பட வரைந்திருக்கிறார், தூலாவின் ஓரிடத்தில் அம்புக்குறி போட்டு ‘ஜி.சி. 84 இறாத்தல்’. திகதி 14.3.1942. ‘கவர்ன்மென்ட் சீமெந்து’ ஆக்கும் என்று சித்தப்பா சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கோழி அறுப்பதைக்கூட நின்று பார்க்காத மனிசனாம். அவர் ஏன் இராணுவத்துக்குப் போனார், போய் என்ன செய்தார், எங்கே தேடினால் தெரியவரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கந்தளாய் ஓய்வூதியர் எழுதியது:

பிள்ளை, நான் நீர்ப்பாசனத்தில் 34 வருடம் இருந்தவன், பழைய எஸ்டிமேட் கொப்பிகள் பார்த்துப் பழகிய கண். அது சீமெந்து இல்லை. அந்தக் காலத்தில் சீமெந்து அந்தரில்தான் கணக்கு, ஒரு அந்தர் 112 இறாத்தல். 84 இறாத்தல் சீமெந்தை வைத்து ஒரு மதகின் தலைச்சுவரைக்கூடப் பூச முடியாது, அதை ஒரு பாலத்துக்கு எவரும் தனியாக எழுதி வைக்க மாட்டார்கள். அதுவும் அம்புக்குறி இரும்புத் தூலாவில் நிற்கிறது என்கிறீர்கள்.

ஜி.சி. என்றால் கன்கொட்டன். வெடிபஞ்சு. பிரிட்டிஷ் இராணுவத்துச் சப்பர்மார், அதாவது எஞ்சினியர் படை ஆட்கள், பாலம் தகர்க்க அடுக்கி வைக்கிற கட்டி வெடிமருந்து. உங்கள் அப்பப்பா அந்தப் பக்கத்தில் கணக்குப் பார்த்தது பாலத்தைக் கட்டுவதற்கு அல்ல, விழுத்துவதற்கு.

திகதியைப் பாருங்கள். 1942 பெப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. அடுத்தது இலங்கை என்று எல்லோரும் நினைத்த நேரம், மார்ச்சில் அட்மிரல் லேட்டனை இந்தத் தீவு முழுவதற்கும் தலைமைத் தளபதியாகப் போட்டார்கள். இங்கே உட்துறைமுகம் இருக்கிறது, சீனன்குடாவில் விமானத்தளமும் எண்ணெய்க் குதங்களும் இருக்கின்றன. ஜப்பான்காரன் கரையிறங்கினால் துறைமுகத்திலிருந்து உள்ளே போகிற வீதி அவனுக்குக் கிடைக்கக் கூடாது, அதற்குப் பாலம் போக வேண்டும். எந்தப் பாலம் எந்த இடத்தில் பலவீனம் என்று வெளியிலிருந்து வந்த கேணலுக்கா தெரியும்? ஒவ்வொரு மழைக்கும் போய்ப் பார்த்துப் பட்டி இறுக்கின பி.டபிள்யூ.டி. எஞ்சினியருக்குத்தான் தெரியும். 106/2 என்பது 106ஆம் மைலில் இரண்டாவது பாலம் என்ற கணக்கு. எந்த வீதி என்று கொப்பியில் வேறெங்காவது இருக்கும், தேடுங்கள். என் ஊகம் என்னவென்றால், அந்த மார்ச்சில் அவர் இன்னும் சிவில் உடுப்பில்தான் இருந்திருப்பார், முதலில் கணக்கைக் கேட்டிருப்பார்கள், பிறகு ஆளையே கேட்டிருப்பார்கள்.

ஏப்ரல் 9 காலை குண்டு விழுந்தது. என் ஐயா அப்போது சீனன்குடாவில் கூலி வேலை, மண் வெட்டிக்கொண்டிருந்த கானுக்குள்ளேயே குப்புறப் படுத்ததாகச் சொல்லுவார். எண்ணெய்க் குதங்களில் ஒன்றின் மேல் ஜப்பான் விமானம் ஒன்று விழுந்து அது நாள்கணக்கில் எரிந்தது. 91ஆம் குதம் என்பார்கள், உருகி வளைந்த தகடுகள் காட்டுக்குள் இன்னும் கிடக்கின்றன. அதே நாளில்தான் ஹெர்மிஸ் என்கிற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் தாட்டார்கள்.

அப்பம்மா சொன்னது பொய்யில்லை, பிள்ளை. குண்டு போட்டது ஒரு நாள், மற்ற ஆயிரம் நாளும் எஞ்சினியர் வேலைதான். ஓடுபாதை நீட்டுவது, பாரலொறி தாங்காத மதகை உடைத்து அகலமாக்குவது, முகாமுக்குக் குடிநீர்க் குழாய் போடுவது, நுளம்புக்குக் கான் வெட்டுவது. 1934–35 மலேரியாவில் இந்த நாட்டில் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள், அது முடிந்து ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் தேங்காமல் ஒரு கான் சரியான வாட்டத்தில் ஓடினால் எத்தனை உயிர் மிஞ்சும் என்று தெரிந்த ஆட்களில் அவர் ஒருவர். மருந்து கொடுத்தது டாக்டர், கானை ஓட வைத்தது இவரைப் போன்றவர்கள். இதை யாரும் கல்வெட்டில் வெட்டி வைப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு மனத்தாங்கல்.

ஈஸ்ட்ஹாம் தம்பி எழுதியது:

அக்கா, பதக்கம், சின்னம் பக்கத்தை நான் சொல்கிறேன், எனக்கு இதில் கொஞ்சம் பைத்தியம்.

தீச்சுவாலைக் குண்டில் சுவாலைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்பது இருந்து, கீழே ஒரு பட்டியில் ‘யுபீக்’ என்று லத்தீன் எழுத்து இருந்தால் அது றோயல் எஞ்சினியர்ஸ் கழுத்துச் சின்னம். ‘எங்கும்’ என்று அர்த்தம். இலங்கைப் பாதுகாப்புப் படைக்குள்ளும் 1911இலிருந்தே சிலோன் எஞ்சினியர்ஸ் என்று தொண்டர் படை இருந்தது, அதனால் சின்னத்தை வடிவாகப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். அவர் எந்தப் படை என்பதைப் பொறுத்துத்தான் தேட வேண்டிய இடமும் மாறும். இலங்கைப் படை என்றால் இலங்கை அரசாங்க வர்த்தமானி, அதைக் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் கூடத்தில் பார்க்கலாம். பிரிட்டிஷ் படை என்றால் லண்டன் கசெட், அது இணையத்தில் இலவசம், பெயர் போட்டுத் தேடலாம். ஒன்று மட்டும் கவனம், நம் பெயர்களை அவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள், சில இடத்தில் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும், சில இடத்தில் முதலெழுத்து மட்டும். ஐந்தாறு விதமாகப் போட்டுப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஓர் இலக்கம் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, அந்த இலக்கத்தை வைத்துச் சேவைக் கோப்பைக் கேட்கலாம். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சில் இருந்த அந்தக் கோப்புகளை 2022இலிருந்து லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கிற பிரிட்டிஷ் தேசிய சுவடிகள் கூடத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள்.

ஒரு நட்சத்திரம் என்றால் செகண்ட் லெப்டினன்ட். போர்க் காலத்தில் சிவில் ஆட்களை அதிகாரியாக எடுத்ததை அவசரகால நியமனம் என்பார்கள். போர் இருக்கும்வரை பதவி, முடிந்தால் கௌரவப் பட்டத்தோடு வீட்டுக்கு. ஆகவே 1946க்குப் பிந்திய கடிதம் எதிலாவது பெயருக்கு முன்னால் ‘கௌரவ லெப்டினன்ட்’ அல்லது ‘கௌரவ கப்டன்’ என்று இருக்கிறதா பாருங்கள். அவர் கடைசியில் எந்தப் படிவரை போனார் என்று அதிலேயே தெரியும், படம் எடுத்தது தொடக்க காலத்தில்.

இப்போது ரிப்பன். நீங்கள் சொன்ன நிறம் சரியென்றால் அது பர்மா ஸ்டார். அதைப் படித்தபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். பர்மாப் போர்முனைக்காகக் கொடுத்த பதக்கம் அது. உங்கள் அப்பப்பா திருகோணமலையோடு நிற்கவில்லை, அக்கா. அந்தப் பக்கத்தில் சப்பர்மார் செய்ததை நினைத்துப் பாருங்கள், 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சின்ட்வின் ஆற்றுக்கு மேல் 1,154 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம் போட்டார்கள், அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அது. பெய்லி என்றால் 10 அடிச் சட்டங்கள், ஒவ்வொன்றும் 570 இறாத்தல், ஆறு பேர் தூக்கி வந்து ஆணி அடித்துப் பூட்டிக்கொண்டே போகலாம், கிரேன் தேவையில்லை. அவர் அங்கே இருந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொப்பியில் 570 என்ற எண் எங்காவது இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.

மெல்பேர்ன் மாமா எழுதியது:

ஏன் போனார் என்று கேட்டிருக்கிறீர்கள் மகள். நான் இருக்கிற ஊரில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஜோன் மொனாஷ். 1865இல் இங்கே பிறந்தவர், தாய் தகப்பன் பிரஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள். சிவில் எஞ்சினியர், இரும்புக் கம்பி வைத்த கொங்கிரீட்டை இந்த மாநிலத்தில் நிலைக்க வைத்தவர்களில் ஒருவர். 1901இல் பெண்டிகோவில் அவர் கட்டிய பாலம் பாரம் ஏற்றிப் பார்க்கும்போதே இடிந்து விழுந்து ஓர் ஆள் செத்தார். அந்த மனிதர் ஓடி ஒளியவில்லை, அதைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்.

1914இல் போர் வந்தபோது அவருக்கு 49 வயது. கலிப்போலிக்கு ஒரு பிரிகேட்டைக் கொண்டுபோனார், 1918இல் பிரான்சில் அவுஸ்திரேலியக் கோர் என்ற பெரும்படை முழுவதும் அவர் கையில். ஜூலை 4 ஹாமல் சண்டைக்கு அவர் திட்டம் போட்ட விதத்தைப் பார்த்தால் ஒரு கொன்ட்ராக்டர் வேலைக்கு அட்டவணை போட்ட மாதிரியே இருக்கும். பீரங்கி எத்தனை நிமிடத்துக்கு எத்தனை யார் முன்னே நகர வேண்டும், டாங்கி எங்கே நிற்க வேண்டும், முன்னுக்கு நிற்கிறவனுக்குத் தோட்டாவை விமானத்திலிருந்து பரசூட்டில் எப்படிப் போடுவது, எல்லாம் எழுத்தில். 90 நிமிடம் என்று கணித்தார், 93 நிமிடத்தில் முடிந்தது. போர் முடிந்ததும் திரும்பவும் எஞ்சினியர்தான், விக்டோரியாவின் மின்சார ஆணைக்குழுவை நடத்தி யல்லோர்ன் நிலக்கரியிலிருந்து இந்த மாநிலத்துக்கு வெளிச்சம் கொடுத்தார். 1931இல் இறந்தபோது ஊர்வலத்தில் ஏறக்குறைய 3 லட்சம் பேர். என் மகன் படித்த பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான்.

இப்படிப்பட்ட ஆட்கள் சண்டையை விரும்பிப் போகிறவர்கள் இல்லை. செய்கிற வேலையைக் கணக்கில்லாமல் செய்தால் ஆள் சாகும் என்று தெரிந்ததால் போகிறவர்கள். உங்கள் அப்பப்பாவும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

கந்தளாய் ஓய்வூதியர் எழுதியது:

மெல்பேர்ன்காரர் சொன்னது நல்ல கதை, ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மொனாஷ் மாணவராக இருந்த காலத்திலிருந்தே தொண்டர் படையில் இருந்தவர், முப்பது வருடப் பயிற்சியோடு போனவர், தன் நாட்டுப் படைக்குப் போனவர். இந்தப் பிள்ளையின் அப்பப்பா வெள்ளைக்காரன் ஆண்ட ஊரில், வெள்ளைக்காரன் படைக்கு, ஒரு பயிற்சியும் இல்லாமல் போயிருக்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு முடியவில்லை. திணைக்களத்துத் துரை கேட்டால் மாட்டேன் என்று சொல்லக்கூடிய நிலையில் அவர் இருந்தாரா என்பதையும் யோசிக்க வேண்டும். விருப்பமும் இருந்திருக்கலாம், சம்பளமும் இருந்திருக்கலாம், ஊர் எரிவதைக் கண்ணால் பார்த்ததும் இருந்திருக்கலாம்.

மூதூர் சரித்திர ரீச்சர் எழுதியது:

தங்கச்சி, வெடிபஞ்சுக் கணக்கைப் படித்ததும் எனக்கு வேறொருவர் ஞாபகம் வந்தார். ஜோன் நோர்ட்டன் கிரிபித்ஸ், பிரிட்டனில் பெரிய கட்டட ஒப்பந்தக்காரர், அங்கோலாவில் ரயில் பாதை போட்டவர். முதல் உலகப் போரில், மான்செஸ்டரில் தன்னிடம் சாக்கடைச் சுரங்கம் தோண்டிய கூலியாட்களை 1915இல் நேரே போர்முனைக்குக் கொண்டுபோனார். அவர்கள் மரச் சட்டத்தில் மல்லாந்து படுத்து, காலால் மண்வெட்டியைக் களிமண்ணுக்குள் உதைத்து, சத்தமே இல்லாமல் தோண்டுவார்கள். அப்படித் தொடங்கிய வேலைதான் 1917 ஜூன் 7 மெசீன் மேட்டில் 19 சுரங்க வெடிகளாக முடிந்தது.

அதே மனிதரை 1916 கடைசியில் ருமேனியாவுக்கு அனுப்பினார்கள், ஜெர்மன் படை வருவதற்குள் எண்ணெய்க் கிணறுகளையும் குதங்களையும் அழிக்க. சில கிழமைக்குள் செய்து முடித்தார். கட்டுகிற கை அழித்தால் யாராலும் அதைவிட நன்றாக அழிக்க முடியாது, எந்த ஆணியில் பாரம் நிற்கிறது என்று அதற்குத் தெரியும். சீனன்குடாக் குதங்களைக் கடந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம், 1942இல் இங்கேயும் யாரோ ஒருவர் இவற்றைப் பார்த்து அந்தக் கணக்குப் போட்டிருப்பாரா என்று யோசித்திருக்கிறேன். உங்கள் கொப்பி அதற்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. பாலம் விழவில்லை, ஜப்பான்காரன் இறங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் காவல் நின்ற பாலத்துக்கு அந்த 84ஐ எழுதும்போது கை எப்படி இருந்திருக்கும். அவர் பேசாமல் இருந்ததற்கு எனக்கு இதுவே போதிய காரணமாகத் தெரிகிறது.

அந்தக் கொப்பியைத் தயவுசெய்து வெயிலில் காய வைக்க வேண்டாம், பென்சில் வெளுத்துவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

ஓர்ஸ்ஹில் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், கன்கொட்டன் என்ற இடத்தில் அவர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார், கொஞ்ச நேரம் வரவில்லை.

சுவாலைகளை எண்ணினேன், ஒன்பது. பட்டியில் ‘யுபீக்’ இருக்கிறது, ஒரு நுனி மட்டும் உடைந்திருக்கிறது. கசெட்டில் மூன்று விதமாகப் பெயர் போட்டுப் பார்த்தேன், இன்னும் அகப்படவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் தம்பி. 570 இல்லை. கொப்பி 1942 நவம்பரோடு முடிகிறது, பர்மாவுக்குப் போனதற்கு வேறு கொப்பி இருந்திருக்க வேண்டும். ஓய்வூதியர் ஐயா கேட்ட வீதி பின்னட்டையில் இருந்தது, கண்டி வீதிதான்.

ரீச்சர் சொன்னபடி பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், 106/2 பக்கமும் அடுத்த பக்கமும் ஈரத்தில் ஒட்டிப் போயிருந்தன. ஒரு மெல்லிய கத்தியை விட்டு மெதுவாகப் பிரித்தோம். அடுத்த பக்கத்திலும் அதே தலைப்பு, அதே திகதி. இந்த முறை சீமெந்துதான், அந்தரில். கருங்கல் எத்தனை கியூப், புதுத் தூலா எத்தனை, ஓவசியர் 1, மேசன்மார் 6, கூலியாட்கள் 40. கடைசி வரியில் ‘நாள் 38’ என்று எழுதி, அதை வெட்டிவிட்டு, ‘மழை இல்லாவிட்டால் 31’ என்று எழுதியிருக்கிறார்.